ஆளறிந்து வேலை! வேலையறிந்து பயிற்சி!

(ரிஷிவந்தியத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



கரும்பும் நெல்லும் விளையும் இந்த மண்ணின் இளைஞன் கையில் பையுடன் பேருந்துக்கு நிற்கிறான். "எங்கே தம்பி?" என்றால், "திருப்பூருக்கு" என்கிறான். "என்ன வேலை?" என்றால், "போனால் தெரியும்" என்கிறான். அவனை அனுப்பிவிட்டுத் திரும்பும் தாயின் மனம் என்ன பாடுபடும்!

இந்நிலை மாற ஒரு வாய்ப்பு தென்படுகிறது. 2302 கோடி ரூபாய் முதலீட்டில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் காலணித் தொழிற்சாலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமத்து நிறுவனம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 12 ஆண்டுகளில் 20,000 பேருக்கு வேலை என்பது கணக்கு. மகிழ்ச்சிதான்! ஆனால் இடங்கள் உருவாவது வேறு. அவற்றில் நம் பிள்ளைகள் அமர்வது வேறு.

காலணி ஒருவர் கையால் முடிவதன்று. அளந்து வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர், அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்துபவர் ஒருவர், அடிப்பாகம் ஒட்டுபவர் ஒருவர், குறை கண்டு ஒதுக்குபவர் ஒருவர். விரல் நிதானம் உள்ளவரைத் தையலுக்கும், கண் கூர்மை உள்ளவரைச் சோதனைக்கும் தேர்ந்திடல் வேண்டும். பசையின் நெடி ஒவ்வாதவரை ஒட்டும் பிரிவில் நிறுத்தினால் பொருளும் கெடும், உடலும் கெடும். இதற்காகவன்றோ வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' எனத் தனி அதிகாரமே வகுத்தார்!

ஆனால் இந்நாடு எப்படித் தெரிந்தது? பிறப்பைப் பார்த்துத் தெரிந்தது! செருப்புத் தைப்பதை இழிதொழில் என்று சொல்லி, அதனை ஒரு குலத்தார் தலையிலே கட்டியது. 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்ன கல்வித் திட்டமும் வந்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று இழிவென்று ஒதுக்கிய அதே தொழிலுக்கு இன்று எல்லாக் குலத்தாரும் வரிசையில் நிற்கக் காண்கிறோம். அந்த வரிசையில் குலமும் கேட்கக்கூடாது, சிபாரிசும் கேட்கக்கூடாது. திறமை ஒன்றே கேட்கப்பட வேண்டும்.

திறமை கருவிலேயே வருவதன்று, பழகினால் வருவது. கரும்பலகையில் இயந்திரத்தை வரைந்து காட்டினால் போதாது. ஆலையில் ஓடும் இயந்திரத்திலேயே கை பழக வேண்டும். பழகும் நாளிலும் உதவித்தொகை உண்டு என்கிறது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அது ஏட்டளவில் நின்றுவிடலாகாது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் பழங்குடிப் பெண்ணுக்குத் தங்க இடமும் பாதுகாப்பும் இல்லையேல், பயிற்சி அவளுக்கு எட்டாக் கனியே.

தோழர்களே! உங்களுக்கொரு பணி உண்டு. ஊர் ஊராகச் செல்லுங்கள். யார் என்ன படித்திருக்கிறார், எதிலே விருப்பம், எதிலே கைத்திறன் என்று பட்டியல் எடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியச் செய்யுங்கள். தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசல்வரை அழைத்துச் செல்லுங்கள். சிபாரிசுக் கடிதம் ஒருவனுக்கு ஒரு நாள் உதவும். கற்ற தொழிலோ காலமெல்லாம் உதவும்.

"போனால் தெரியும்" என்ற பிள்ளை, "தெரிந்துதான் போகிறேன்" என்று சொல்லும் நாளை உருவாக்குவோம்.