பாழ்மனையும் குடிமனையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



பெருங்கடவிளையில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்து இளைஞர் சிலர், போணக்காட்டுப் பேய்ப் பங்களாவைக் காண வேண்டுமென்று கேட்டனர். அவர்களோடு நாமும் மாசி மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம். ஒரு பகலில் போய்த் திரும்பத்தக்க வழிதான். அங்கே கண்டதையும் கருதியதையும் இவ்வவையில் கூற விழைகின்றோம்.

நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்தால் நெடுமங்காடு, அப்பால் விதுரா. அடுத்து வருவது ஜெர்சிப் பசுக்களை வளர்ப்பதற்கென ஏற்பட்ட அரசுப் பண்ணை. அப்பகுதிக்கே ஜெர்சிப் பண்ணை என்று பெயர். காணித்தடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி உண்டு. அனுமதி பெற்ற பின்னரே மேலே செல்லல் வேண்டும். ஏற ஏறக் காடு விலகி, மாசி வெயிலில் வெளிறிய புல்மேடுகள் தோன்றுகின்றன. எதிரே 1868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர் மலை. தமிழ் முனிவர் வாழும் மலையென்று நம் முன்னோர் கைகூப்பிய மலை அது.

அம்மலைக்கு மற்றொரு வரலாறும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் வானியலாளராக விளங்கிய ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அதன் உயரத்தே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காந்த ஊசியின் அசைவுகளை அளந்தார். 1865இல் அவர் நாடு திரும்பினார். கூடம் அழிந்தது, அவர் பெயரோ நூல்களில் நிலைத்தது. வண்டிப் பாதையில்லாத அக்காட்டில் கருவிகளைச் சுமந்து ஏறிய எளியோர் பெயர் எந்நூலில் உளது?

இக்கேள்வியை மனத்திற்கொண்டு போணக்காட்டைப் பாருங்கள். ஆங்கிலேயர் வகுத்த தேயிலைத் தோட்டம் அது. 25 ஜி.பி. என வழங்கும் மேலாளர் பங்களா கல்லால் எழுந்தது. உள்ளே குளிர்காயும் அடுப்பு; வெளியே நின்றால் கீழே பேப்பாறை நீர்த்தேக்கம். திருவனந்தபுர நகரம் பருகும் நீர் அது. இறந்துபோன வெள்ளைக்காரச் சிறுமியொருத்தி இங்கே உலவுகின்றாள் என்பது கதை. அக்கதையை நாடித்தான் பலர் வருகின்றனர்.

சற்றுத் தொலைவில் தேயிலை ஆலை. இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. தோட்டத்தின் நிலையைச் செடிகளே சொல்லும். ஆண்டுதோறும் கொழுந்து கிள்ளி, உரிய காலத்தில் கவாத்து செய்தால் தேயிலைச் செடி இடுப்பளவில் நிற்கும். மனிதர் கை விலகினால் மரமாக ஓங்கிவிடும். இங்கே அவ்வாறு ஓங்கிய மரங்கள் பல.

அவ்விடத்தே நம் இளைஞர் ஒருவர், "ஐயா, இது ஆளில்லாப் பாழிடமன்றோ?" என்றார். அப்போது லயத்து வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "நாங்க இருக்கோமே, தம்பி" என்றார். பேயைத் தேடி வந்த கண்களுக்கு மனிதர் புலப்படவில்லை!

லயம் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. இதே சொல் இலங்கை மலையகத்திலும் வழங்குகின்றது. இரு நாட்டு மலைகளுக்கும் கங்காணிமார் நம் தமிழ்ச் சீமைகளினின்றே ஆள் திரட்டினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கையினின்று திரும்பியோருக்கு வேலை தர, 1976இல் புனலூரில் அரசு நிறுவனமே தொடங்கிற்று. வீடு, மருத்துவம், பள்ளி ஆகியவற்றைத் தொழிலாளர்க்குத் தருதல் முதலாளியின் கடமை என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. முதலாளியே கைவிட்டுச் சென்றால் என் செய்வது? ஊதிய நிலுவையும் பணிக்கொடையும் வந்து சேரும்வரை, ஒழுகும் கூரையேயாயினும் அவ்வீடுதான் தொழிலாளிக்குப் பிணை. போகிற இடமில்லாமையால் மட்டுமன்று, தம் உழைப்பின் கடன் தீராமையாலும் அவர்கள் அங்கே காத்திருந்தனர்.

1956இல் எல்லை வகுக்கப்பட்டபோது இப்பக்கம் நின்றுவிட்ட நமக்கு, விடப்பட்டவர் நிலை புதிதன்று. ஆகவே சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். அடுத்த முறை மலையேறுவோர் கையில் ஏடொன்று கொண்டு செல்க. லயத்து முதியோர் அருகே அமர்க. பாட்டன் எவ்வூரினின்று வந்தார், யார் அழைத்து வந்தார், என்ன கூலி பெற்றார் என்று கேட்டு எழுதுக. சம்மதித்தோர் சொற்களை வரும் ஆண்டு மலரில் அச்சிடுவோம். நிலுவைக் கணக்கு எழுதத் துணை வேண்டுவோர்க்கு, நம்முள் சட்டம் அறிந்தோர் துணை நிற்பர்.

இல்லாத சிறுமிக்குக் கதை கிடைத்தது. இருக்கின்ற மூதாட்டிக்கும் ஒரு பக்கம் கிடைக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!