டுபாயில் இருந்து படத்துக்குக் கதை எழுதிப் பிழைக்கலாமோ?

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் பிரசுரிக்கின்றோம்.)

 

என்னை இந்த மேடையில் ஏற்றிவிட்டது எங்கள் அக்கா ஒருவர். போன மாதம் இதே மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டா: "தம்பி, நீர் அந்தப் பக்கம் பதினொரு வருசம் இருந்தனீர்தானே. என்ரை தம்பியின்ரை மகன் டுபாயிலை களஞ்சியத்திலை நிக்கிறான். இப்ப வேலையை விட்டிட்டு நெட்பிளிக்சுக்குக் கதை எழுதப்போறானாம். இதிலை பிழைக்கலாமோ?"

நின்ற நிலையில் எனக்குப் பதில் வரவில்லை. செயலாளர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "அதையே மேடையிலை பேசும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இது பேச்சு என்பதைவிட அந்த அக்காவுக்கு நான் தரவேண்டியிருந்த பதில் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேணும். இந்த நாட்டில் ஒருவர் வேலையை விட்டால் சம்பளம்தான் போகும். வளைகுடாவில் வேலை போனால் வீசாவும் போகும். குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேணும், இல்லையென்றால் விமானம் ஏற வேணும். ஊருக்குத் திரும்பிப் போகப் பயம் இல்லாதவனுக்கு அது ஒரு நட்டம். எங்கள் பெடியனுக்கு அது வேறு விஷயம். இங்கே இருக்கிற உங்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை.

இனி அந்தப் பெடியனின் பக்கத்தையும் சொல்ல வேணும். அவனுக்கு இந்த ஆசை சும்மா வரவில்லை. 2020 மே மாதம், கொரோனாவால் தியேட்டர்கள் பூட்டியிருந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசானில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த ஆண்டு நவம்பரில் 'ஜெய் பீம்'. 2022 ஜூனில் 'சுழல்' என்ற எட்டுப் பகுதித் தொடர், முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் ஒலிமாற்றமாகவோ துணைத் தலைப்போடோ ஒரேநாளில் போனது. கட்டிலில் படுத்தபடி கைத்தொலைபேசியில் இதைப் பார்க்கிறவனுக்கு, உலகத்தின் வாசல் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறமாதிரித் தெரியும். எனக்கும் தெரிந்தது.

ஆனால் அந்த வாசலில் காவலாளி நிற்கிறார். நெட்பிளிக்ஸ் தெரியாத ஆளிடமிருந்து நேரே கதை வாங்குவதில்லை. அனுமதிப்பத்திரமுள்ள முகவர், அல்லது அவர்களோடு ஏற்கெனவே தொடர்புள்ள தயாரிப்பாளர், வக்கீல் மூலமாகத்தான் போக வேணும். தயாரிப்பாளரிடம் போனாலோ, தமிழ்ப் படத்தில் வேறொரு சங்கதி இருக்கிறது. 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நாலுக்கும் ஒரே பெயர் வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறோம். இயக்குநரே எழுதிவிடுகிற இடத்தில் எழுத்து மட்டும் தெரிந்தவனுக்குக் கதிரை குறைவு. 2022இன் முதல் ஆறு மாதத்தில் நெட்பிளிக்சின் சந்தாதாரர் தொகை இறங்கினது. அதற்குப் பிறகு இந்தக் கொம்பனிகள் எல்லாம் காசை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவிலேயே சுமார் 11,500 எழுத்தாளர்கள் 2023 மே 2ஆம் திகதி தொடக்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல சங்கம் உள்ளவர்களின் நிலைமை அது!

அப்படியென்றால் வளைகுடாவில் இருந்து எவருமே எழுதவில்லையோ? எழுதியிருக்கிறார்கள். மலையாளிகள்.

டுபாயில் ஹோமியோபதி வைத்தியராக இருந்த டொக்டர் இக்பால் குற்றிப்புரம் என்பவர்தான் 2007இல் வந்த 'அரபிக்கத' படத்தின் திரைக்கதையை எழுதினார். கேரளத்து இடதுசாரித் தொண்டர் ஒருவர் கூலித் தொழிலாளியாக டுபாயில் வந்து மாட்டுப்படுகிற கதை. பிறகு 2012இல் 'டயமண்ட் நெக்லஸ்'. அது கடன் அட்டையில் மூழ்கிய ஒரு டுபாய் வைத்தியரின் கதை. பகலில் நோயாளியைப் பார்க்கிறவர் எழுதின கதை என்று படத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் வைத்தியத்தை விட்டுவிட்டு எழுதவில்லை என்பதை அந்தப் பெடியனுக்குச் சொல்லுங்கோ.

மற்றவர் பென்யாமின். 1992இல் பஹ்ரெய்னுக்கு வேலைக்குப் போனவர், 2013 வரை அங்கேதான் இருந்தார். அங்கே இருந்துகொண்டே எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவல் 2008இல் வந்தது. சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியில் அகப்பட்ட ஒருவரின் அனுபவத்தை வைத்து எழுதினது. பிளெஸ்சி அதைப் படமாக்கினார். 2020இல் ஜோர்தான் பாலைவனத்தில் படப்பிடிப்பு நடக்கையில் கொரோனா வந்து முழுக் குழுவும் அங்கே அகப்பட்டுக்கொண்டது. படம் திரைக்கு வந்தது 2024 மார்ச் 28இல். நெட்பிளிக்சுக்கு வந்தது அந்த ஜூலையில். புத்தகத்துக்கும் படத்துக்கும் இடையில் பதினாறு வருசம். திரைக்கதையை எழுதினதும் பிளெஸ்சிதான். ஆனால் நாவல் பென்யாமினுடையது, அவர் பெயரில் அச்சானது, அதை எவராலும் அசைக்கேலாது. பிறகு 2023இல் இன்னொருவரோடு சேர்ந்து 'கிறிஸ்டி' என்ற படத்துக்குத் திரைக்கதையும் எழுதினார். படத்துக்குள் அவர் போன வழி புத்தகம்.

எங்கள் பக்கத்தைப் பாருங்கோ. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கின 'தீபன்' எங்கள் அகதிகளின் கதை. அதில் நடித்த ஷோபாசக்தி நாவல் எழுதுகிறவர், தானே அகதியாய்ப் பிரான்சுக்குப் போனவர். ஆனால் திரைக்கதை எழுதினவர்கள் மூன்று பிரெஞ்சுக்காரர். நான் குறை சொல்லவில்லை, நல்ல படம். எண்டாலும் என் நெஞ்சுக்குள் ஒரு முள்ளு இருக்கிறது. வளைகுடாவை எடுத்தால் அதுவும் இல்லை. தமிழ்ப் படத்தில் டுபாய் என்பது பாட்டுக்கு ஆடுகிற இடம், அல்லது வில்லன் ஒளிக்கிற இடம்! மலையாளத்தில் 1980இலேயே எம்.டி. வாசுதேவன் நாயர் 'வில்க்கானுண்டு ஸ்வப்னங்கள்' என்று வளைகுடாக் கதையை எழுதிவிட்டார்.

இனி என் சொந்தக் கதை. நான் சார்ஜாவில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். அங்கே ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி மட்டும் வெய்யிலில் வேலை செய்விக்கக் கூடாது என்று சட்டம். அந்த இரண்டரை மணித்தியாலம், சீமெந்துப் பைகளுக்கு நடுவில், பழைய சிட்டைகளின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒருவன் செத்துப்போகிறான். அவனுடைய முறைக்கு யார் சமைப்பது என்று மிச்ச ஏழு பேரும் சண்டை பிடிக்கினம். அதுதான் கதை.

லீவில் சென்னைக்குப் போனபோது, படக் கொம்பனி ஆள் என்று சொன்ன ஒருவரிடம் தேத்தண்ணிக் கடையில் இருந்து முழுவதையும் சொன்னேன். "நல்லா இருக்கு, பாப்போம்" என்றார். இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு தொடரில் அந்தச் சமையல் சண்டை வந்தது. அறையில் இருந்தவர்கள், "அண்ணை, இது உங்கடையெல்லோ" எண்டு கத்தினாங்கள். என்னிடம் என்ன சாட்சி இருந்தது? அந்த ஆளின் தொலைபேசி இலக்கம்கூட மாறிவிட்டது. நேர்மையாகச் சொன்னால், வேறொருவனுக்கும் அதே யோசனை வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கிறதுதான் பெரிய வலி.

ஆகவே ஒன்றைத் தயவுசெய்து கேளுங்கோ. யோசனைக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. எழுதிய எழுத்துக்குத்தான் உரிமை. இந்திய உச்ச நீதிமன்றம் 1978இலேயே ஒரு வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. சென்னையில் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர் சங்கம் இருக்கிறது. வருண் ராஜேந்திரன் என்பவர் 2007இல் 'செங்கோல்' என்ற கதையை அங்கே பதிந்து வைத்திருந்தார். பதினொரு வருசம் கழித்து 'சர்கார்' வரும்போது, இரண்டு கதைக்கும் ஒற்றுமை இருக்கிறது என்று அப்போதைய தலைவர் பாக்யராஜ் சொன்னார். இயக்குநர் அது தன் சொந்தக் கதை என்றே நின்றார். கடைசியில் 2018 ஒக்டோபரில் நீதிமன்றத்தில் சமரசமாகி, பெயர் போட ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய படத்தின் முன்னால் ஒரு சாதாரண ஆளை நிற்க வைத்தது அந்தப் பதிவுதான்.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் வாசிக்க வேணும். இந்தியாவில் 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தியேட்டரில் ஓடுவது தவிர்ந்த மற்றப் பயன்பாட்டில் எழுத்தாளருக்கு உரிய றோயல்டிப் பங்கை அவரே எழுதிக்கொடுத்தாலும் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி. வசூலிக்கிறது வேறு பாடு. கொரியாவில் 'ஸ்குவிட் கேம்' எழுதினவர் 2009இல் எழுதி, பத்து வருசம் எல்லோரும் மறுத்து, 2021இல் நெட்பிளிக்சில் வந்தது. உலகமே பார்த்தது. உரிமை முழுக்கக் கொம்பனிக்குப் போயிருந்தது.

வெளியில் காசுக்கு எழுதினால் அமீரகத்தில் அதற்கு அனுமதி வேணும் என்பதையும் மறக்கக் கூடாது. டுபாயில் 2017 தொடக்கம் ஊடகத் தொழிலுக்குத் தனியாள் அனுமதி கொடுக்கினம், வருசத்துக்குச் சில ஆயிரம் திர்ஹம். காசு வரமுதல் அதைக் கட்டத் தேவையில்லை. இரவில் கொப்பியில் எழுத எந்த வீசாவும் தேவையில்லை. அபுதாபியில் படம் எடுக்க வருகிற வெளிநாட்டுக் கொம்பனிக்குச் செலவில் 30 வீதத்துக்கு மேல் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று அந்தப் பெடியன் எனக்குச் சொன்னான். உண்மைதான். 'டியூன்' படமும் அங்கேதான் பாலைவனத்தில் எடுத்தது. ஆனால் அதில் வேலை கிடைப்பது லொறிக்காரனுக்கும் மின்விளக்குக்காரனுக்கும். தமிழில் கதை எழுதுகிறவனுக்கு இல்லை.

அவனோடு நான் கதைத்தேன். வேலையை விடாதை என்று சொன்னால் இளம் பெடியனுக்குக் கோபம் வரும், வந்தது. சுஜாதா பெங்களூரில் அரசாங்கக் கொம்பனியில் பொறியியலாளராக இருந்துகொண்டுதான் 'ரோஜா'வுக்கு வசனம் எழுதினார், ஜெயமோகன் தொலைபேசித் திணைக்களத்தில் வேலை செய்தவர் என்று சொன்னேன். கொஞ்சம் அமைதியானான். "திரைக்கதையை வை. முதலில் சிறுகதையாய் எழுதி உன்ரை பெயரிலை ஒரு சஞ்சிகையில் அச்சேற்று. திகதி போட்ட அச்சுத்தான் உன்ரை காணி உறுதி" என்றேன்.

"ஆர் அண்ணை போடுவினம்?" எண்டான்.

நான் எங்கள் மலர்க் குழுவிடம் கேட்டேன். ஓம் என்றார்கள். போன கிழமை பதினாலு பக்கம் வந்தது. களஞ்சியத்தில் இரவுக் காவலுக்கு நிற்கிற ஒரு பாகிஸ்தான் கிழவரைப் பற்றினது. இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினேன், வேறொன்றும் தொடவில்லை. அடுத்த மலரில் வரும். அக்கா முன்வரிசையில் இருக்கிறா, முதல் பிரதி அவவுக்கு.