தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகு

(சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பின், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் ஆற்றிய உரை)



நம் பி பிளாக் பெண் வரும் அக்டோபரில் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகிறார். மத்தூருக்கே பெருமை. 1963-இல் தொடங்கிய அந்த அகாடமியில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். 49 வாரம் முடிந்தால் தோளில் இரண்டு நட்சத்திரம், லெப்டினன்ட். அதற்குப் பிறகு என்ன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் ஹவில்தாராக இருந்தபோது எங்கள் பிளாட்டூனுக்குப் புதிதாக ஒரு லெப்டினன்ட் வந்தார். வட இந்தியர், வயது 23. எனக்கு அப்போதே 15 வருட சர்வீஸ். ஒரு இரவுப் பயிற்சியில் வரைபடத்தைத் தவறாகப் பார்த்துவிட்டார். "சாப், பாதை இது இல்லை போலிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை. முதுகுச் சுமையோடு அத்தனை பேரும் ஆறு கிலோமீட்டர் வீணாக நடந்தோம்.

மறுநாள் காலை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "தவறு என்னுடையது. ஹவில்தார் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அன்று மாலையே ஒரு நோட்டோடு என்னிடம் வந்தார். ஒவ்வொரு ஜவானின் பெயர், ஊர், வீட்டு நிலவரம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். ஓய்வு நேரத்தில் காம்பஸும் வரைபடமுமாகத் தனியே நடந்து பழகினார். இரவில் அரை மணி நேரமாவது படிப்பார். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றார். இதையெல்லாம் செய்யும்படி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை.

ஒரு ஜவானின் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்து, அவன் கேட்கும் முன்பே லீவுக்கு ஏற்பாடு செய்தார். ஆறு மாதத்தில் வரைபடத்தில் என் தவறையே திருத்தினார். அதன்பின் அவர் காட்டிய பாதையில் மனதார நடந்தோம்.

ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் பேசியபோது இதே கருத்தைச் சொன்னார். தலைமைக்கு முதலில் வேண்டியது தொழிலறிவு. அது பிறவியில் வராது, விடாமல் படித்தால்தான் வரும். மேஜர் ஆவதற்கு ராணுவம் தேர்வு வைக்கும். அந்த வெலிங்டன் கல்லூரியில் சேரவும் தேர்வு உண்டு. ஆனால் ஜவான்கள் தினமும் தேர்வு வைப்பார்கள். அதற்கு மார்க் ஷீட் கிடையாது.

அம்மா, உனக்கு மூன்றே விஷயம் சொல்கிறேன். தெரியாததை உன் சுபேதாரிடம் கேள், மதிப்பு குறையாது. தினமும் அரை மணி நேரம் படி. தவறினால் முதலில் நீயே சொல்.

ஓசூரிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் புதிதாகச் சூப்பர்வைசர் ஆகியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். உங்கள் லைனில் இருபது வருடமாக நிற்பவரிடம் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள்.

ஜெய்ஹிந்த்!