‘ரொம்ப’வா, ‘ஓவரா’? ஜப்பானியத்துல ஸுகிரு

இன்னைக்கு ஒரே ஒரு சொல்தான்: ஸுகிரு. ‘சங்கிலி’யில வர்ற ‘கி’ மாதிரி சொல்லுங்க.

நான் ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பிச்ச புதுசு. என்கூடப் பேசிப் பழக்கிவிட்ட ஒரு ஜப்பானிய அக்கா, வீட்டுல கேக் செஞ்சு கொடுத்தாங்க. ‘ரொம்ப இனிப்பா இருக்கு’ன்னு பாராட்ட நினைச்சு, ‘அம-ஸுகிமஸ்’னு சொல்லிட்டேன். அவங்க முகம் வாடிப்போச்சு. மன்னிப்பு வேற கேட்டாங்க. ஏன்னா நான் சொன்னது பாராட்டு இல்ல, ‘இனிப்பு ஓவர்’ங்கிற புகார்.

தப்பு எங்கே? நம்ம ‘ரொம்ப’ ரெண்டு வேலையும் பார்க்கும். ‘ரொம்ப அழகு’ன்னா பாராட்டு, ‘சட்டை ரொம்பப் பெருசு’ன்னா குறை. ஜப்பானியத்துல ரெண்டுக்கும் தனித்தனி வழி. ‘தொத்தெமொ’ன்னா மிகவும். ‘ஸுகிரு’ன்னா அளவைத் தாண்டிடுச்சு. அந்த வினைச்சொல்லுக்குப் பொருளே ‘கடந்து போறது’தான். மணி பத்தைத் தாண்டினாலும் அதே ஸுகிருதான். அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, ‘தொத்தெமொ ஒய்ஷீ’. அதாவது, ரொம்ப ருசி.

சேர்க்கிற முறை ஈஸி. வினைச்சொல்லா இருந்தா, ‘மஸ்’ஸை எடுத்துட்டு ஒட்டுங்க. சாப்பிடறதுக்கு ‘தபெமஸ்’; அளவுக்கு மீறி சாப்பிட்டா ‘தபெ-ஸுகிரு’. ‘இ’யில முடியற பெயரடையில அந்தக் கடைசி ‘இ’ போயிடும்: இனிப்புக்கு ‘அம-இ’, ஓவர் இனிப்புக்கு ‘அம-ஸுகிரு’. ‘ந’ வகைப் பெயரடையில அப்படியே ஒட்டலாம்: ‘ஷிஸுக-ஸுகிரு’, ஓவர் அமைதி.

ரெண்டு பேர் மட்டும் அடங்க மாட்டாங்க. ‘நல்ல’ங்கிற ‘இ-இ’, ‘யொ-ஸுகிரு’ ஆயிடும். ‘இல்லை’ங்கிற ‘ந-இ’, நடுவுல ஒரு ‘ஸ’ சேர்த்து ‘நஸ-ஸுகிரு’ ஆகும்.

இன்னொரு விஷயம். அங்கே இளைஞர்கள் பாராட்டவும் இதைச் சொல்வாங்க. ‘கவயி-ஸுகிரு’ன்னா நம்ம ‘ஓவர் க்யூட்’ மாதிரி. ஆனா விருந்துக்குப் போன வீட்டுல, சாப்பாட்டு விஷயத்துல, அந்த ரிஸ்க் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. ‘ஹத்தரக்கி-ஸுகி’ன்னா அளவுக்கு மீறி வேலை செய்யறது. ஸுகிருவை எழுதற அதே கான்ஜி எழுத்துதான் ‘கரோஷி’ங்கிற சொல்லுக்கும் முதல் எழுத்து. கரோஷின்னா, அளவு மீறிய உழைப்பால வர்ற சாவு. அதைத் தடுக்கறதுக்குன்னே ஜப்பான் 2014-ல ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு.

அதனால அடுத்த தடவை ‘ஆபீஸ்ல ரொம்ப வேலைப்பா’ன்னு சொல்லும்போது, ஒரு நிமிஷம் யோசிங்க. அது தொத்தெமொவா, ஸுகிருவா? ஸுகிருன்னா, லேப்டாப்பை மூடிட்டுத் தூங்கப் போங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.