தரச் சான்றிதழ்: பெறுவதும் பேணுவதும்

(விழாவின் இரண்டாம் நாள் பிற்பகல் அமர்வில் நிகழ்த்திய உரை)



நம் அறக்கட்டளை நடத்தும் மாணவர் இல்லத்திற்கு ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் பெறலாமா என்னும் வினா சென்ற பொதுக்குழுவில் எழுந்ததாகவும், அது பற்றி நான் சில சொல்ல வேண்டும் என்றும் செயலாளர் கேட்டுக்கொண்டார். தமிழ் படித்தவனுக்கும் இதற்கும் என்ன உறவு என்று சிலர் நினைக்கக்கூடும். உறவு உண்டு, அது பெருமைக்குரிய உறவு அன்று. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஐ.எஸ்.ஓ. என்பது ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1947ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம். திருகாணியின் அளவு முதல் தாளின் அளவு வரை, நாடுகளுக்கிடையே ஒப்ப முடிந்த செந்தரங்களை வகுப்பது அதன் பணி. அவற்றுள் ஒன்று 9001 என்னும் எண்ணுடைய தர மேலாண்மைச் செந்தரம். 1987இல் முதன்முதல் வெளிவந்தது; 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. அதற்கு முன்னோடி 1979இல் பிரிட்டன் வெளியிட்ட செந்தரம். அதற்கும் முன்னோடி 1959இல் அமெரிக்க இராணுவம் தனக்குத் தளவாடம் செய்து தருவோர்க்கு வகுத்த விதி. படைக்கலக் கொள்முதலில் தோன்றிய ஒழுங்கு இன்று மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருப்பது காலத்தின் விந்தைகளுள் ஒன்று.

இச்செந்தரம் பொருளின் தரத்தைச் சொல்வதன்று. இங்கு ஆரணிப் பக்கத்து அரிசி ஆலை உரிமையாளர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் ஆலைக்கு 9001 சான்றிதழ் கிடைத்தால், உங்கள் அரிசி உயர்ந்தது என்று அதற்குப் பொருளில்லை. நெல் வாங்குவது முதல் மூட்டை தைப்பது வரை ஒவ்வொரு பணியையும் இன்னார், இன்ன முறையில், இன்ன அளவில் செய்வர் என்று நீங்களே வகுத்து, வகுத்தபடி நடந்து, நடந்ததைச் சரிபார்த்து, பிழை கண்டவிடத்துத் திருத்துகிறீர்கள் என்பதே அதன் பொருள். வாங்குவோர் கேட்ட தரத்தை இன்றும் நாளையும் மாறாமல் தர வல்லீர்கள் என்னும் நம்பிக்கையை அது அளிக்கிறது.

நன்னூல் பயின்றவர்கட்கு இக்கருத்து புதிதன்று. பவணந்தி முனிவர் எழுத்தையும் சொல்லையும் ஆராயத் தொடங்குமுன், நூல் எவ்வாறு இருத்தல் வேண்டும், ஆசிரியர் எத்தகையவர், பாடம் சொல்லும் முறை யாது, கேட்கும் முறை யாது என்றெல்லாம் பொதுப்பாயிரத்தில் வகுத்துவிடுகிறார். நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்று எண்ணியும் காட்டுகிறார். விளைவைச் சோதிக்குமுன் வழியை ஒழுங்குசெய் என்பதே அங்கும் உள்ள முறை. ஆங்கிலத்தில் படித்து அஞ்சியிருந்த எனக்கு இந்த ஒப்புமை தோன்றிய பிறகுதான் 9001 விளங்கத் தொடங்கியது.

செந்தரத்தில் பத்துப் பிரிவுகள் உள்ளன. முதல் மூன்றும் முன்னுரை போன்றவை. எஞ்சிய ஏழும் நிறுவனத்தின் சூழல், தலைமை, திட்டமிடல், ஆதரவு, செயற்பாடு, மதிப்பீடு, மேம்பாடு என்று செல்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திட்டமிடு, செய், சரிபார், செம்மைப்படுத்து என்னும் நான்கு சொற்களுள் யாவும் அடங்கும். ஷூஹார்ட், டெமிங் என்னும் அமெரிக்க அறிஞர்களின் பெயரோடு வழங்கும் சுழற்சி இது. தடித்த தரக் கையேடு ஒன்று கட்டாயம் வேண்டும் என்று இன்றும் பலர் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அக்கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது.

இனி என் கதை.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நிருவாகத்தினர் இச்சான்றிதழை விரும்பினர். சேர்க்கை விளம்பரத்தில் இடம்பெற வேண்டும் என்பது நோக்கம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பதிவேடுகள் என் பொறுப்பாயின. தணிக்கைக்கு மூன்று வாரமே இருந்தது. நடவாத கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். மை ஒன்றாக இருந்தால் ஐயம் எழும் என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். பிழையின்றி எழுதினேன் என்ற நிறைவும் எனக்கு இருந்தது. சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டத்திலிட்டு வரவேற்பறையில் மாட்டினோம்.

அடுத்த ஆண்டு சூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் பலருக்கு வயிற்றுப்போக்கு. நால்வரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நல்லூழால் அனைவரும் நலம் பெற்றனர்.

ஆகத்து மாதம் கண்காணிப்புத் தணிக்கைக்கு வேறொரு தணிக்கையாளர் வந்தார். இளைஞர். குடிநீர்த் தொட்டி தூய்மைப்படுத்திய பதிவேட்டை எடுத்தார். ஒவ்வொரு மாதமும் 15ஆம் நாள் தூய்மை செய்யப்பட்டது என்று எழுதி, என் சுருக்கொப்பம் இருந்தது. பிறகு வாயிற்காவலரின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். மே 15 அன்று பள்ளி பூட்டிக் கிடந்தது; உள்ளே எவரும் வரவில்லை. இரண்டையும் என்முன் வைத்து, “ஐயா, இதைச் சற்று விளக்குங்கள்” என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் எனக்குத் தாங்க இயலாமல் இருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவன், பிள்ளை வயதினர்முன் பேச்சற்று நின்றேன்.

பிள்ளைகளின் நோய்க்குத் தொட்டி நீர்தான் காரணமா? அறியேன். என்றுமே அறிய இயலாது. எந்த நாளில் தொட்டி கழுவப்பட்டது, எந்த நாளில் விடுபட்டது என்று சொல்ல வல்ல ஒரே சான்றை என் கையாலேயே பொய்யாக்கி வைத்திருந்தேன். பொய்ப் பதிவேடு தணிக்கையாளரை ஏமாற்றுகிறதோ இல்லையோ, உண்மை தேவைப்படும் நாளில் நம்மையே குருடாக்கிவிடுகிறது.

அவர் அதனைப் பெரிய இணக்கமின்மை என்று எழுதினார். இணக்கமின்மை என்பது வகுத்ததற்கும் நடந்ததற்கும் இடையே உள்ள விலகலைக் குறிக்கும் சொல். குற்றம் என்று மொழிபெயர்த்தால் உடனே குற்றவாளியைத் தேடுவோம். விலகல் என்றால் காரணத்தைத் தேடுவோம். அவ்வாறே தேடினோம். தொட்டி ஏன் கழுவப்படவில்லை? பணியாளர் மேலே ஏறவில்லை. ஏன்? இரும்பு ஏணியின் படி மார்ச்சு மாதமே உடைந்துவிட்டது. ஏன் சீர்செய்யவில்லை? அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார், மறந்துபோயிற்று. ஏன் எழுதவில்லை? குறைப் பதிவேடு தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பேழைக்குள் இருந்தது. அது வெற்றாக இருந்தால்தான் நிறுவனத்திற்குப் பெருமை என்று எண்ணியிருந்தோம். உடைந்த ஏணிப்படி ஒன்று. அதைச் சொல்ல இடமில்லாத நிறுவனம் ஒன்று. ஏணியைச் சீர்செய்ய ஒரு நாள் போதுமானதாயிருந்தது. பணியாளர் அச்சமின்றிக் குறையை எழுதும் நிலை வர ஓராண்டு ஆயிற்று.

இனி நம் மாணவர் இல்லத்திற்கு வருவோம். சான்றிதழை ஐ.எஸ்.ஓ. நிறுவனம் நேரே வழங்குவதில்லை. தனித்த சான்றளிப்பு நிறுவனங்கள் வழங்குகின்றன. அந்நிறுவனங்கள் தகுதியுடையனவா என்று ஏற்பளிக்கும் அமைப்புகள் உள்ளன. நம் நாட்டில் இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் என்.ஏ.பி.சி.பி. என்னும் வாரியம் அப்பணியைச் செய்கிறது. ஏற்புப் பெறாத எவரோ அச்சடித்துத் தரும் தாளும் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஒரே வாரத்தில் சான்றிதழ், தணிக்கைக்கு ஆள் வர வேண்டியதில்லை என்று எவரேனும் தொலைபேசியில் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வழிகாட்டிக் கட்டணம் பெறுபவரும் சான்று தருபவரும் ஒருவராக இருத்தல் கூடாது என்பதும் விதி.

முறையான வழியில் தணிக்கை இரு கட்டமாக நடைபெறும். முதற்கட்டத்தில் ஆவணங்களையும் ஆயத்த நிலையையும் காண்பர். இரண்டாம் கட்டத்தில் நடைமுறையைக் காண்பர். சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும். இடையே ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. ஆகவே செலவு ஒரு முறையோடு முடிவதன்று. நன்கொடையில் இயங்கும் நாம் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கென்றே 21001 என்னும் செந்தரம் 2018இல் வந்துள்ளது. பிள்ளைகள் தங்கிப் பயிலும் நம் இல்லத்திற்கு அதுவும் பொருந்துமா என்று பார்க்கலாம்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வாண்டு விண்ணப்பிக்க வேண்டா. சான்றிதழ் பெறுமுன் அகத் தணிக்கையும் நிருவாக மீளாய்வும் நடந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அவற்றை முதலில் நடத்துவோம். சமையற்கூடம், குடிநீர், நோயுற்ற மாணவரைக் கவனிக்கும் முறை, நன்கொடைக் கணக்கு என்னும் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கத்தில் எளிய தமிழில் நடைமுறை எழுதுவோம். எழுதுபவர் அப்பணியைச் செய்பவராக இருக்கட்டும். சமையற்காரர் சொல்ல மாணவர் ஒருவர் எழுதினாலும் போதும். பின்னர், சமையற்கூடத்தோடு தொடர்பில்லாதவர் சமையற்கூடத்தைத் தணிக்கை செய்யட்டும். தன் பணியைத் தானே தணிக்கை செய்வது பொருந்தாது. ஓராண்டுப் பதிவு உண்மையாக நிறைந்த பின், சான்றிதழ் வேண்டுமா என்று பொதுக்குழு முடிவு செய்யட்டும். வேண்டா என்று முடிவானாலும் இழப்பில்லை. பிள்ளைகளின் குடிநீர் அதற்குள் தூய்மையாகியிருக்கும்.

இளைஞர்கள் சிலர், பதிவேடு எதற்கு, கைப்பேசியிலேயே பதிந்துவிடலாமே என்றனர். தாராளமாகச் செய்யலாம், எவ்வடிவில் வைப்பது என்பது நம் விருப்பம். பதிந்ததை எவரும் அழித்தெழுத இயலாதவாறு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேனாக்களை மாற்றி எழுதியவன் சொல்கிறேன்.

குறைப் பதிவேடு ஒன்றை நானே வாங்கி வந்திருக்கிறேன். பக்க எண் அச்சிட்டது; தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். இதனை இல்லத்தின் உணவுக்கூட வாயிலில், பூட்டின்றி, கயிற்றில் கட்டிய எழுதுகோலுடன் வைக்குமாறு செயலாளரிடம் இப்பொழுதே ஒப்படைக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரு குறையை நான் எழுதிவிட்டேன்: காலையில் இல்லத்தைப் பார்க்கச் சென்றபோது, மேல்தளத் தொட்டிக்குச் செல்லும் படிக்கட்டில் கைப்பிடி ஓரிடத்தில் ஆடுகிறது.