வைரசும் நம் உயிரணுவும்



கலைப் பட்டம் பெற்ற நாம் மருத்துவம் பேசத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. மழைக்காலந்தோறும் டெங்குக் காய்ச்சலால் நம் வகுப்பறையில் சில இடங்கள் வெறுமையாகின்றன. வைரசை ஒடுக்கும் மருந்து எதுவும் அந்நோய்க்கென இன்றளவும் ஏற்கப்படவில்லை. ஏன்?

பாக்டீரியா தனக்கெனப் பட்டறை உடையது. மருந்து அதனைத் தாக்கலாம். டெங்கு வைரசோ பத்தே புரதங்களுக்கான குறிப்பைச் சுமந்து வந்து, ஏனைய வேலைகளை நம் உயிரணுவிடமே வாங்குகிறது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயில் போன்றது அது.

வைரசின் மேலுறைப் புரதம் உருவாகும்போதே, நம் உயிரணு அதன்மேல் 14 சர்க்கரைக் கண்ணிகள் கொண்ட சங்கிலியைப் பூட்டுகிறது. சங்கிலியின் நுனியில் 3 குளுக்கோசுகள் உள. குளுக்கோசிடேஸ் என்னும் நம் நொதிகளுள் முதலாவது ஒன்றையும், இரண்டாவது எஞ்சிய இரண்டையும் நறுக்குகின்றன. அவ்வாறு நறுக்காவிடில் புரதம் செவ்வையாக மடங்காது. வைரசும் ஒழுங்காக உருப்பெறாது. ஆகவே வைரசை விடுத்து நம் நொதியையே சில நாள் அடக்கினால் என்ன என்று அறிஞர் எண்ணினர். வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு தப்பும். நம் நொதியை அதனால் மாற்ற இயலாதன்றோ?

ஆனால் அந்நொதி நமக்கும் வேண்டுமே! பிறவியிலேயே முதல் நொதி குறைவுற்ற உடன்பிறந்தார் இருவரைப் பற்றிய ஆய்வு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயெதிர்ப்புப் புரதம் அவர்கள் குருதியில் மிகக் குறைவு. ஆயினும் வைரஸ் நோய்கள் அடிக்கடி பற்றவில்லை. அதே வேளையில் கடும் நரம்புக் கோளாறுகளால் அவர்கள் துன்புற்றனர். வாழ்நாள் முழுதும் நொதி இன்மை வேறு, சில நாள் அடக்குதல் வேறு என்பதே மருந்தாய்வாளரின் நம்பிக்கை.

ஆஸ்திரேலியாவில் ஒரு மரம் உண்டு. அதன் விதை நஞ்சுடையது. அந்நாட்டுப் பழங்குடியினர் அதனை நீரில் நெடிது ஊறவைத்து நஞ்சகற்றி உண்டனர். அவ்விதையிலுள்ள காஸ்டனோஸ்பெர்மின் என்னும் பொருளே இந்நொதியை அடக்குவது. அதிலிருந்து செய்த செல்கோசிவிர் என்னும் மருந்தைச் சிங்கப்பூரில் 2012-13இல் 50 டெங்கு நோயாளிகளைக் கொண்டு சோதித்தனர். ஒரு பகுதியினர்க்கு மருந்து, மற்றவர்க்கு வெற்று மாத்திரை. பெருந்தீங்கு எதுவும் விளையவில்லை. எனினும் வைரசின் அளவோ காய்ச்சலோ குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை.

அவர்கள் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் வந்தவர்கள். காய்ச்சல் தெரியும்போதே வைரஸ் பெரிதும் பெருகிவிடுகிறது. நாமோ, ஒரு நாள் கூலி போய்விடுமே என்று, நான்காம் நாளிலேதான் மருத்துவமனை வாயிலை மிதிக்கின்றோம்.