கலிபோர்ணியாவின் பெருவெள்ளங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மிஷன் பாடசாலையில் பூமிசாஸ்திரம் படித்த நாளில், கலிபோர்ணியா என்றதும் "பொன், பழத்தோட்டம், நல்ல வெயில்" என்று மூன்று சொற்களை மனனஞ் செய்து ஒப்புவிப்போம். புள்ளியும் கிடைத்தது. அந்நாட்டின் நடுப்பகுதி முழுவதும் ஒரு மாரிகாலத்திலே கடல்போற் கிடந்தது என்பதை எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் வேறொன்றைத் தேடப்போய் அச்செய்தியைக் கண்டேன். அன்றுதொட்டு என் மனத்தை விட்டு அகலாத அவ்விஷயத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலிலே அந்நிலத்தின் அமைப்பை மனக்கண்ணிற் காணுங்கள். மேற்கே பசிபிக் சமுத்திரம். அதையடுத்துக் கரையோர மலைகள். கிழக்கே சியரா நெவாடா என்னும் நெடிய பனிமலைத் தொடர். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 450 மைல் நீளமான ஒரு சமவெளி கிடக்கின்றது. வடக்கிலிருந்து சக்கிரமென்ரோ ஆறும், தெற்கிலிருந்து சான் வாக்கீன் ஆறும் வந்து கூடிச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வழியாகக் கடலை அடைகின்றன. நீர் வெளியேற வாசல் அது ஒன்றே.

அங்கே கோடையில் மழை மிக அரிது. மாரிகாலத்தில் மலைமேல் விழுவது பனியாக உறைந்து, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மெல்ல உருகி ஆறுகளை நிரப்பும். பனிமலையே அந்நாட்டின் பெரிய குளம் எனலாம். ஆனால் சில ஆண்டுகளில் ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று, ஒடுங்கிய நீண்ட பட்டையாக வந்து மலையில் மோதும். இக்காலத்து அறிஞர் இதனை வளிமண்டல ஆறு என்பர். அவ்வேளை, பனியாக விழவேண்டியதும் மழையாக விழுகின்றது. விழுந்த பனியின் ஒரு பங்கும் அதனோடு சேர்ந்து உருகுகின்றது. மாதக்கணக்கில் வரவேண்டிய நீர் சில நாளில் இறங்கிவிடுகின்றது.

1861 மார்கழியிலும் 1862 தையிலும் நிகழ்ந்தது இதுவே. முதலில் மலையில் ஏராளமான பனி விழுந்தது. பின்னர் வெப்பமான மழை வாரக்கணக்கில் ஓயாமற் பெய்தது. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1862 தை மாதத்தில் மட்டும் 24 அங்குலத்துக்கு மேல் மழை பதிவாயிற்று. சமவெளியிலே ஏறத்தாழ 300 மைல் நீளமும் 20 மைல் அகலமுமான ஓர் ஏரி தோன்றியது. இரண்டு இலட்சம் மாடுகள் மாண்டன என்று கணக்கிட்டனர். இறந்த மனிதர் ஆயிரக்கணக்கினர் என்பர். ஆற்றங்கரைகளிற் குடிசையிட்டுப் பொன் அரித்த சீனத் தொழிலாளர் பலர் அடித்துச் செல்லப்பட்டனர்.

தலைநகராகிய சக்கிரமென்ரோ இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்தது. நகரைச் சுற்றி மண்கரை எழுப்பியிருந்தார்கள். மார்கழி மாதம் கிழக்குப் பக்கத்துக் கரை உடைந்தது. உள்ளே புகுந்த நீர் வெளியேற முடியாதபடி மற்றைக் கரைகள் தடுத்தன! காப்பதற்குக் கட்டிய கரையே நகரைத் தொட்டியாக்கியது. கடைசியிலே கைதிகளை அனுப்பிக் கரையை வெட்டிவிட வேண்டியதாயிற்று. 1862 தை 10 ஆந் திகதி புதிய தேசாதிபதி லீலண்ட் ஸ்ரான்போர்ட் பதவியேற்கத் தோணியிற் சென்றார். திரும்பியபோது மேல்மாடி யன்னல் வழியாகத் தம் வீட்டினுள் நுழைந்தார் என்று சொல்லப்படுகின்றது. அம்மாத முடிவுக்குள் சட்டசபை சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் பெயர்ந்தது.

சபையோரே, இவற்றிலும் மேலாக என் உள்ளத்தைத் தொட்டது வேறொரு செய்தி. வெள்ளத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னரே அப்பகுதிப் பூர்வகுடிகள் தாழ்நிலத்தை விட்டு மலையடிவாரத்துக்குச் சென்றுவிட்டார்கள் என்று அக்காலத்து உள்ளூர்ப் பத்திரிகையொன்று எழுதியது. நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அவர்கள் மரங்களிற் காட்டி வெள்ளையரை எச்சரித்தார்களாம்.  பொன் தேடி வந்தவர்கள் அந்நிலத்தில் வாழத் தொடங்கிப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. நீரின் பழைய வழியை அவர்கள் எங்ஙனம் அறிவார்கள்? அறிந்த மக்களையோ அவர்கள் நிலத்தினின்றும் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளம் வடிந்தபின் சக்கிரமென்ரோ மக்கள் ஊரைக் கைவிடவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் வீதிகளைப் பத்தடிக்கு மேலாக மண்ணிட்டு உயர்த்தினார்கள். பழைய கீழ்மாடிகள் நிலவறைகளாயின. அவற்றை இன்றும் காணலாம். இது பாராட்டுக்குரிய முயற்சியே. ஆனால் அதே காலத்தில் மலையிலே பொன் தேடுவோர் நீர்க்குழாயின் வேகத்தால் மலைச்சரிவுகளைக் கரைத்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டல் படிந்து ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. கரையை உயர்த்த உயர்த்த ஆறும் உயர்ந்தது. வயலிழந்த கமக்காரர் வழக்குத் தொடுத்தனர். 1884 இல் நீதிபதி லோரன்சோ சோயர், மண்ணை ஆற்றில் விடுவதைத் தடைசெய்து தீர்ப்பளித்தார். பொன்னுக்கு எதிராக உழவன் வென்ற வழக்கு அது.

பின்னர் அவர்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. ஆற்றைக் கரைகளுக்குள் முற்றாக அடைத்துவைக்க முடியாது. அதற்கு விரியும் இடம் வேண்டும். 1917 இல் மத்திய அரசு அங்கீகரித்த திட்டத்தின்படி யோலோ வழி என்னும் அகன்ற தாழ்நிலம் வெள்ளத்துக்காக ஒதுக்கப்பட்டது. கோடையில் அங்கே நெல் முதலியன விளைகின்றன. பேராறு பெருகும் மாரியில் அது நீர் செல்லும் வழியாகின்றது. நம் முன்னோர் குளத்துக்கு வான் வைத்தது எதற்காகவோ அதற்காகவே இவர்களும் இதனை வைத்தார்கள்.

இனி, அண்மைக் காலத்துக் கதை. பெதர் ஆற்றின் குறுக்கே 1968 இல் முடிவுற்ற ஓறோவில் அணை 770 அடி உயரமானது. அமெரிக்காவிலே மிக உயர்ந்தது. அதற்கு இரண்டு வான்கள் உண்டு: ஒன்று கொங்கிறீற்றுப் பாதையுள்ள பிரதான வான், மற்றது அவசர காலத்துக்கானது. அவசர வானின் கீழே அப்போது வெறும் மலைச்சரிவுதான் இருந்தது. அதற்கும் கொங்கிறீற்று இடவேண்டுமென 2005 இலேயே சூழல் காக்கும் சங்கங்கள் சில எழுத்தில் கேட்டன. தேவையில்லை என்பது முடிவாயிற்று. 2017 மாசி 7 ஆந் திகதி பிரதான வானின் பாதை உடைந்து பள்ளமாயிற்று. நீர்மட்டம் ஏறி, 11 ஆந் திகதி அவசர வான் முதன்முறையாகப் பாய்ந்தது. மறுநாளே சரிவு அரிக்கப்பட்டு, அரிப்பு அவசர வானின் சுவரை நோக்கி ஏறியது. ஏறத்தாழ 188,000 பேர் வீட்டைவிட்டு வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். உடைந்த பிரதான வானையே மீண்டும் அகலத் திறந்து நீரைக் குறைத்ததனால் ஆபத்து நீங்கியது. திருத்த வேலைக்கு நூறு கோடி டொலருக்கு மேல் செலவாயிற்று.

2023 பங்குனியில் பகாரோ என்னும் சிற்றூரின் கரை உடைந்தது. அங்கே வாழ்பவர் பெரும்பாலும் தோட்டங்களிற் கூலிவேலை செய்யும் மெக்சிக்க வமிசத்தினர். அக்கரை பலவீனமானது என்பது பல்லாண்டுகளாக அதிகாரிகளுக்குத் தெரியும். ஆயினும் காக்கப்படும் சொத்தின் பெறுமதியைப் பார்த்தே வேலைகளை முற்படுத்தும் கணக்கில் ஏழைகளின் ஊர் பின்தள்ளப்பட்டது. அவ்வாண்டு சித்திரைத் தொடக்கத்தில் மலைப்பனி வழமையின் இரு மடங்கையும் கடந்திருந்தது. அது உருகியபோது, முன்னொரு காலத்தில் யோக்குட்ஸ் மக்கள் மீன்பிடித்து வாழ்ந்ததும், பின்னர் வடிக்கப்பட்டுப் பருத்தி நிலமானதுமாகிய துலாரி ஏரி மீண்டும் தோன்றி இலட்சம் ஏக்கரை மூடியது. நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை.

அன்பர்களே, பனியைக் கண்ணாற் கண்டிராத நாம் இக்கதையைக் கேட்பதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பனி அங்கே மட்டும் உள்ளது. எச்சரிக்கையைத் தள்ளிவைக்கும் குணம் எங்கும் உள்ளது. 1862 இல் மரத்தைக் காட்டிப் பேசியவர்களும், 2005 இல் கடதாசியில் எழுதியவர்களும், பகாரோவின் கூலியாட்களும் சொன்னது ஒன்றே. சொன்னவர் யார் என்று பார்த்தார்கள். சொன்னது யாது என்று பார்க்கவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள்.

என்னைப்போன்ற மாணாக்கர் புத்தகத்திற் படித்ததை அறிவென்று எண்ணுகின்றோம். இச்சபையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களிடம், "எங்கள் ஊரில் நீர் எதுவரை ஏறியது? எவ்வழியாக ஓடியது?" என்று நான் ஒரு நாளேனும் கேட்டதில்லை. அதைச் சொல்ல வெட்கப்படுகின்றேன். இளைஞர்களே, இன்று வீடு திரும்பும்போது ஒருவரையாவது கேட்டு, கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நானும் அவ்வாறே செய்வேன்.